தோந்தியார்பே

ஜீரோ கேட் போகும் வரிசையில்
எனக்கு முன்னால் நூற்றுப்பத்து வண்டி.
எண்ணியது நானில்லை, சுண்டல் விற்கிற பையன்.
எண்ணூர் விரைவுச்சாலை என்று பெயர்,
விரைவை யாரோ வழியில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

மகன் ஏற்றிக்கொடுத்த ஆப்பில்
உலக உருண்டையும் அதன்மேல் பச்சைப் புள்ளிகளும்.
புள்ளிக்கு ஒரு ரேடியோ.
கொழும்பைத் தொடப் போனேன்.
கிரீஸ் விரல். உருண்டை வழுக்கிச் சுற்றி
பிரான்சின் மேற்கு ஓரத்தில் நின்றது.
ஊர்ப்பெயர் வாயில் நுழையவில்லை.
கடல் பக்கம் என்று மட்டும் தெரிந்தது.

அடி விழுந்தது.
நாற்பதடிப் பெட்டியைச் சேஸிஸ் மேல்
கிரேன்காரன் கோபத்தில் போடுவானே,
அதையே எவனோ தாளத்தில் போட்டால் எப்படி, அப்படி.
மேலே கிட்டார்:
லைனிங் தேய்ந்த வண்டி ஒன்று
பேசின் பிரிட்ஜ் இறக்கத்தில் பிரேக் போடுகிற சத்தம்.
இதற்கு ராக் என்று பெயராம். மகன் சொன்னான்.
இருபது வருஷமா இதைத்தானேடா ஓட்டுறேன் என்றேன்.

அன்றிலிருந்து, இங்கே ராத்திரி மூன்று,
அவனுக்குப் பத்தரை.
பேசுகிறவன் ஒருத்தன்தான்.
நாற்காலி கிறீச்சிடும், லைட்டர் சொடுக்கும்,
பாட்டுக்கு முன் ஓர் இருமல்.
சம்பளம் இல்லாத வேலை போலிருக்கிறது,
குரலில் அத்தனை பிரியம்.
நடுவில் ஒரு விளம்பரம், டிராக்டருக்குத்தான்;
இன்ஜின் பேசினால் எனக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டாம்.

கடைசி எழுத்தை முழுங்குகிறான். முழுங்கட்டும்.
இருக்கிறது என்பதைக் கீது ஆக்கியவர்கள் நாங்கள்,
எங்களுக்கென்ன அதில் கோபம்.
ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் "ஓனிவா" என்பான்.
வா என்கிறானா, வரட்டுமா என்கிறானா?
வண்டி நகரவே இல்லை.

பெட்டிக்குள் ஆம்பூர் செருப்பு.
காகிதத்தில் போகுமிடம் லே ஹாவ்ரே என்று படித்தேன்;
அங்கே அதை எப்படி முழுங்குவார்களோ.
அது கப்பலேறும். நான் கேட் வரைக்கும்.

எப்சிபா சொன்னாள்:
"பாஷை தெரியாத ஆளோட தெனமும் என்னா பேச்சு?"
"அவன்தான் பேசுறான்."
"அதான் தெரியுமே, நீ யார்கிட்ட பேசியிருக்க."

போன மாதம் ஒரு ராத்திரி,
காசிமேடு வளைவில் போலீஸ்காரர் தடியால் கதவைத் தட்ட,
நூறு வண்டியும் ஒரே நேரத்தில் ஆரன் அடித்தன.
அதைப் போனில் பிடித்து
"ஏசடியான், தண்டையார்பேட்டை, டிரைலர்" என்று முடித்தேன்.
பேரையும் ஊரையும் லைசென்ஸில் உள்ளபடி
இங்கிலீஷ் எழுத்தில் தட்டி அனுப்பினேன்.

மூன்றாம் நாள்.
நாற்காலி. இருமல். பிறகு எங்கள் ஆரன்கள்,
அவ்வளவு தூரம் போய்விட்டு
என் கேபினுக்கே திரும்பி வந்தன.
அவற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு டிரம்ஸ் கிளம்பியது.
அவன் சொன்னான்:
"ஏஸாதியான். தோந்தியார்பே."
'ட்டை'யைக் கடலில் போட்டுவிட்டான்.

குதித்து இறங்கிப் பின்வண்டி இம்தியாஸிடம் ஓடினேன்.
காதில் வைத்துக் கேட்டான். சிரிக்கவில்லை.
"அண்ணே, நாமதான் தப்பா சொல்றோம்.
தொண்டியிலேர்ந்து வந்து தங்குனாரு ஒருத்தர்.
அவரு தொண்டியார், இது அவரு பேட்டை.
நம்ம வாயில பட்டுத் தண்டையாச்சி.
இவன் பாரு, முக்காவாசி கரெக்டா சொல்லிட்டான்."

ரோட்டில் நின்று இரண்டு பேரும்
எங்கள் ஊரின் பழைய பெயரைப்
பிரான்சிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.
முன்வண்டி நகர்ந்து இடம் விழுந்தது,
பின்னாலிருந்து வந்த கெட்ட வார்த்தையில்தான் தெரிந்தது.

இந்த வாரம் குரல் வேறு.
சின்னப் பையன். தெளிவாகப் பேசுகிறான்.
நாற்காலிக்கு எண்ணெய் விட்டிருக்கிறார்கள்.
ஓனிவா என்கிறான், அதில் வா இல்லை.
பழையவன் எங்கே என்று கேட்க
எனக்கு அங்கே ஒரு சொல்லும் கிடையாது.
நேற்று, கண்ணாடியை ஏற்றி,
இன்ஜினை அணைத்து,
போனை வாயருகே வைத்து
ஒருமுறை இருமி அனுப்பினேன்.